சர்வதேச வளர்ச்சி: முதலாண்டு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சர்வதேச வளர்ச்சியை இளங்கலையில் எடுத்தவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும், அவர்களுடைய பெற்றோரும் கேட்கிற சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், ஆனால் முதலாண்டின் அடித்தளம் பெரிதாக மாறுவதில்லை. எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் சில முன்னால் உள்ளவற்றை நம்பி எழுதப்பட்டவை.

சர்வதேச வளர்ச்சின்னா என்ன படிப்பு? பேரைக் கேட்டா ஒண்ணும் பிடிபடலையே.

இன்று ஜப்பானில் பிறக்கும் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஏறத்தாழ 84 ஆண்டு. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அது 55-ஐ ஒட்டியே இருக்கிறது. இந்த இடைவெளி எப்படி உண்டானது, அதைக் குறைக்க யார் என்ன செய்தார்கள், செய்தது பலித்ததா, பலிக்காதபோது விலை கொடுத்தது யார்? இவற்றைப் படிப்பதுதான் இந்தத் துறை.

துறையாக இது இளையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடுகள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்தன. 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில், பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழில்நுட்ப உதவி தருவதை அமெரிக்கக் கொள்கையாக அறிவித்தார். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952-லும், இங்கிலாந்தின் சசெக்ஸில் 1966-லும் இதற்கென்றே ஆய்வு நிறுவனங்கள் எழுந்தன. புதிய அரசுகளின் கனவும் பழைய வல்லரசுகளின் கணக்கும் ஒரே நேரத்தில் கலந்து பிறந்த துறை என்பதை முதல் வாரத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் சர்ச்சைகளில் பாதி அங்கிருந்தே கிளம்புகின்றன.

இது எகனாமிக்ஸ்தானே? வேற பேரு வச்சிருக்காங்களா?

இல்லை. பொருளியல் இதில் பெரிய பங்கு, ஆனால் ஒரு பங்குதான். 1943-ல் நடந்த வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு விளைச்சல் குறைவை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது என்று காட்டினார். அரிசி விலை ஏறிய வேகத்துக்கு விவசாயக் கூலிகளின் வருமானமும் மீனவர்களின் வருமானமும் ஏறவில்லை. அதனால் இருந்த உணவும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. விலையும் கூலியும் பொருளியல். போர்க்கால அரசு யாருடைய வயிற்றுக்கு முதலிடம் கொடுத்தது என்பது அரசியல். தட்டிக் கேட்கும் அதிகாரம் மக்களுக்கு ஏன் இல்லை என்பது வரலாறு. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பஞ்சம் புரியாது. அதனால்தான் தனித் துறை.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். முதலாண்டில் கேட்கப்படுவது அடிப்படைப் புள்ளியியல்தான்: சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாடு, கினிக் கெழு ஏற்றத்தாழ்வை எப்படி அளக்கிறது, இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நகர்வதற்கும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். கணக்குப் போடுவதைவிட, ஓர் எண்ணைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கமே முக்கியம். அதற்காக எண்களை ஒதுக்கிவிட்டு இந்தப் பட்டத்தை முடித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம்.

முதல் வருஷத்துல என்னென்ன பேப்பர் இருக்கும்?

பெயர்கள் மாறினாலும் பெரும்பாலும் இவை இருக்கும்: வளர்ச்சிக் கோட்பாடுகளுக்கு ஓர் அறிமுகம், காலனிய வரலாறும் அதன் பின்விளைவுகளும், அடிப்படைப் பொருளியல், அரசியலுக்கோ சமூகவியலுக்கோ ஓர் அறிமுகம், ஆய்வு முறைகள். சில இடங்களில் மொழிப்பாடம் ஒன்றும் சேரும். பாலினம், சுற்றுச்சூழல், உதவி, வறுமை அளவீடு ஆகியவை தனித் தாளாக இல்லாமல் எல்லாவற்றிலும் ஊடாக வரும்.

எதிர்காலத்தை மாத்தணும்னு வந்தா, முதல் நாளே காலனி ஆட்சி வரலாறு படிக்கச் சொல்றாங்க. எதுக்கு?

ஆப்பிரிக்காவின் பழைய ரயில் பாதைகளை வரைபடத்தில் பாருங்கள். பல பாதைகள் சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ நேராகத் துறைமுகத்துக்குப் போகின்றன. பக்கத்து நாட்டோடு இணைப்பவை குறைவு. சரக்கைக் கண்டத்துக்கு வெளியே கொண்டுபோகப் போட்ட பாதைகள் அவை. அந்தக் கண்டத்தைப் பங்கிட விதி வகுத்த பெர்லின் மாநாடு 1884–85-ல் நடந்தபோது ஆப்பிரிக்கர் ஒருவரும் மேசையில் இல்லை. பெல்ஜியத்தின் பிடியிலிருந்து 1960-ல் காங்கோ விடுதலை பெற்றபோது நாடு முழுவதிலும் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை என்று சொல்லப்படுகிறது. இப்படித் தொடங்கிய ஓர் அரசு ஏன் தடுமாறுகிறது என்று கேட்பவர், அது எதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியது என்று முதலில் கேட்க வேண்டும்.

அதே சமயம், எல்லாவற்றுக்கும் காலனி ஆட்சியைக் காட்டிவிட்டு முடித்துவிடவும் கூடாது. போட்ஸ்வானா 1966-ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. பின்னர் கிடைத்த வைர வருமானத்தை அரசு சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திருப்பியது. ஐநாவின் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் பட்டியலிலிருந்து 1994-ல் முதன்முதலாக வெளியேறிய நாடு அதுதான். ஆனாலும் இன்று வருமான ஏற்றத்தாழ்வு மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. முதலாண்டில் நீங்கள் சந்திக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள் எல்லாமே இப்படித்தான், ஒரு வரியில் அடங்க மறுக்கும்.

ரோஸ்டோவ் சொல்றது சரியா, சார்புக் கோட்பாடு சரியா? பரீட்சையில எதை எழுதணும்?

அமெரிக்கப் பொருளியலாளர் ரோஸ்டோவ் 1960-ல் சொன்னது சுருக்கமாக இது: எல்லா நாடுகளும் ஒரே பாதையில் ஐந்து கட்டங்களைக் கடக்கின்றன. மரபுச் சமூகத்தில் தொடங்கி, முதலீடு பெருகிப் பொருளாதாரம் மேலெழுந்து, கடைசியில் பெருநுகர்வுக் காலத்தை அடைகின்றன. பின்தங்கிய நாடு அந்தப் பாதையில் இன்னும் பின்னால் இருக்கிறது, அவ்வளவே. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, கம்யூனிசத்துக்கு மாற்றாக இதை அவர் வெளிப்படையாகவே முன்வைத்தார். பின்னர் அதிபர் ஜான்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும் ஆனார்.

லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த மறுப்பு, அதாவது சார்புக் கோட்பாடு, வேறு மாதிரி. அர்ஜென்டினாவின் ரவுல் பிரெபிஷும், தனியாக ஆராய்ந்த ஹான்ஸ் சிங்கரும், மூலப்பொருள் விற்கும் நாடுகள் நாளடைவில் தொழிற்பொருள் விற்கும் நாடுகளிடம் பேரத்தில் தோற்றுக்கொண்டே போகின்றன என்று 1950-ஐ ஒட்டிக் காட்டினார்கள். ஒரே அளவு இயந்திரத்தை வாங்க ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் காப்பியோ கோகோவோ விற்க வேண்டியிருக்கிறது. ஆந்த்ரே குந்தர் பிராங்க் இன்னும் ஒரு படி மேலே போனார். சில நாடுகள் பின்தங்கியதும் சில நாடுகள் முன்னேறியதும் ஒரே நிகழ்வின் இரு விளைவுகள் என்றார்.

இரண்டுமே தென் கொரியாவிடம் இடறுகின்றன. 1950-களின் இறுதியில் அதன் தலா வருமானம் கானாவை ஒட்டித்தான் இருந்தது. உலகச் சந்தையோடு பிணைந்தே அது வளர்ந்ததால் பிராங்கின் வாதம் அடிபடுகிறது. நிலச் சீர்திருத்தம், அரசு வழிநடத்திய வங்கிக் கடன், பாதுகாக்கப்பட்ட தொழில்கள், பெரும் அமெரிக்க உதவி ஆகியவற்றோடு வளர்ந்ததால் ரோஸ்டோவின் ஒரே பாதையும், சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதும் என்ற வாதமும் அடிபடுகின்றன. பரீட்சையில் ஒரு கோட்பாட்டுக்கு வெற்றி மாலை போட வேண்டியதில்லை. எந்தக் கோட்பாடு எந்த நாட்டின் எந்தக் காலத்தை நன்றாக விளக்குகிறது, எங்கே திணறுகிறது என்று எழுதுங்கள்.

ஜிடிபி ஏறினா வளர்ச்சிதானே? அதுல என்ன தப்பு?

ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஏறுவதில் தப்பில்லை. அது எதைக் காட்டாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய வருமானக் கணக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸே, இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலத்தை ஊகிப்பது கடினம் என்று 1934-லேயே எச்சரித்தார். வீட்டில் சமைப்பவரின், குழந்தை பார்ப்பவரின் சம்பளமில்லாத உழைப்பு அதில் வராது. காட்டை வெட்டி விற்றால் வருமானமாகச் சேரும், காடு போனது கழியாது.

எக்குவடோரியல் கினியாவையும் கோஸ்டா ரிகாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது எண்ணெய் கிடைத்ததும் தலா வருமானத்தில் பாய்ந்தது, மக்களின் ஆயுளும் கல்வியும் அந்த வேகத்தில் பாயவில்லை. பின்னது 1948-ல் ராணுவத்தையே கலைத்துவிட்டுக் கல்வியிலும் பொது மருத்துவத்திலும் தொடர்ந்து செலவிட்டது. தன்னைவிடப் பல மடங்கு பணக்கார நாடான அமெரிக்காவுக்கு ஆயுட்காலத்தில் அது குறைந்ததல்ல.

இந்தக் குறையைப் போக்கத்தான் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூபுல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு, 1990-ல் ஐநா வழியாக மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் அதில் சேர்கின்றன. இதுவும் முழுமையானதல்ல. சுதந்திரமும் சமத்துவமும் அதில் இல்லை. ஆனால் அரசுகளை வெட்கப்பட வைக்க ஒரே ஓர் எண் தேவை என்று ஹக் உணர்ந்திருந்தார், அது நடந்தது. நாடுகள் தங்கள் தர வரிசையைப் பற்றிச் சண்டை போடத் தொடங்கின.

ஒரு நாளைக்கு 3 டாலர்தான் வறுமைக் கோடா? அந்தக் காசு சில நாட்டுல நிறையவே வாங்குமே?

அந்த மூன்று டாலர் வங்கியில் மாற்றும் டாலர் அல்ல. இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஒரே முடிவெட்டுக்கு ஒரு நாட்டில் ஆகும் செலவு வேறு, இன்னொரு நாட்டில் வேறு. அந்த வேறுபாட்டைச் சரிசெய்து, அமெரிக்காவில் மூன்று டாலரால் எவ்வளவு வாங்க முடியுமோ அதே அளவை அந்தந்த நாட்டில் வாங்கத் தேவையான தொகையாக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். இதற்கு வாங்கும் திறன் சமநிலை என்று பெயர். அதாவது, ஏழை நாடு மலிவானது என்ற உங்கள் ஆட்சேபம் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதன் பிறகும் அந்தக் கோட்டுக்குக் கீழே கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள்.

கோடு எங்கிருந்து வருகிறது? மிக ஏழை நாடுகள் தங்களுக்கென்று வகுத்த வறுமைக் கோடுகளின் நடு மதிப்பிலிருந்து உலக வங்கி எடுக்கிறது. 1990-ல் ஒரு டாலரில் தொடங்கி 1.25, 1.90, 2.15 என்று வந்து, 2025 ஜூனில் 3 டாலரானது. அந்தக் கடைசி மாற்றத்தில் மட்டும் உலகின் மிக வறிய மக்களின் மதிப்பீடு சுமார் 12.5 கோடி கூடியது. ஒருவர் வாழ்க்கையும் அன்று மோசமாகவில்லை, அளவுகோல் மாறியது. வறுமை குறைந்தது, கூடியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எந்தக் கோட்டின்படி என்று கேளுங்கள்.

வருமானத்தை விட்டுவிட்டு நேரடியாகப் பார்க்கும் வழியும் உண்டு. 2010-ல் வந்த பன்முக வறுமைக் குறியீடு ஒரு வீட்டில் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள், மின்சாரம் உள்ளிட்ட பத்து விஷயங்களைப் பார்க்கிறது. எடையிட்டுக் கூட்டும்போது மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லாத வீடு ஏழை வீடு. எனக்கு இந்த அளவு பிடிக்கும். வறுமை எங்கே இருக்கிறது என்பதோடு, எதைச் செய்தால் குறையும் என்பதையும் இது சொல்லிவிடுகிறது.

மூன்றாம் உலகம், வளரும் நாடு, உலகத் தெற்கு. இதுல எதை எழுதினா மார்க் குறைக்க மாட்டாங்க?

எதை எழுதினாலும், எந்த நாடுகளைக் குறிக்கிறீர்கள் என்பது தெளிவாக இருந்தால் போதும். மூன்றாம் உலகம் என்பது 1952-ல் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் சோவி பனிப்போரின் இரு அணிகளிலும் சேராதவர்களுக்குச் சொன்னது. அந்த அணிகளே இன்றில்லை. உலக வங்கி 2016-ல் தன் முக்கியப் புள்ளிவிவரத் தொகுப்பில் வளர்ந்தவை, வளரும் நாடுகள் என்ற பிரிவினையைக் கைவிட்டது. தலா வருமானப்படி நான்கு அடுக்குகளாக அது நாடுகளைப் பிரிக்கிறது. முடிந்தவரை நாட்டின் பெயரையே எழுதுவது எல்லாவற்றிலும் நல்லது.

பட்டியல்களுக்குப் பின்னால் காசு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். மேலே போட்ஸ்வானா பற்றிச் சொன்ன ஐநா பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து ஆயுதம் தவிர்த்த மற்றெல்லாப் பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் வரியின்றி ஏற்கிறது. பட்டியலிலிருந்து முன்னேறி வெளியே வரும் நாடு அந்தச் சலுகையை நாளடைவில் இழக்கிறது.

ஐஎம்எஃப், உலக வங்கி ரெண்டும் ஒண்ணா? அந்தக் கட்டமைப்புச் சீரமைப்பு எதுக்கு இவ்வளவு கெட்ட பேரு?

ஒன்றல்ல, உடன்பிறப்புகள். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் 44 நாடுகள் கூடி இரண்டையும் உருவாக்கின. அந்நியச் செலாவணி தீர்ந்து திண்டாடும் நாட்டுக்குக் கடன் கொடுத்து நிதி நிலையைச் சீராக்குவது ஐஎம்எஃப்பின், அதாவது சர்வதேச நாணய நிதியத்தின், வேலை. சாலை, அணை, பள்ளி போன்ற நீண்டகாலப் பணிகளுக்குக் கடன் தருவது உலக வங்கியின் வேலை. இரண்டிலும் வாக்குரிமை பங்குக்கு ஏற்பத்தான். ஐஎம்எஃப்பின் பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கெட்ட பெயருக்கு ஒரு சங்கிலி உண்டு. 1973-ல் எண்ணெய் விலை ஏறியது. எண்ணெய் நாடுகளின் பணம் மேலை வங்கிகளில் குவிந்தது. வங்கிகள் அதை ஏழை நாடுகளுக்கு மாறும் வட்டியில் தாராளமாகக் கடன் கொடுத்தன. 1979-லிருந்து அமெரிக்கா தன் பணவீக்கத்தை அடக்க வட்டியை உயர்த்தியது. கடன் வாங்கிய நாடுகளின் வட்டியும் சேர்ந்து ஏறியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கட்ட முடியவில்லை என்று அறிவித்தது. மீட்க வந்த கடன்கள் கட்டமைப்புச் சீரமைப்பு என்ற நிபந்தனைகளோடு வந்தன: அரசுச் செலவைக் குறை, நாணய மதிப்பைக் குறை, மானியத்தை நிறுத்து, அரசு நிறுவனங்களை விற்று விடு, இறக்குமதியைத் திற. பல நாடுகளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கட்டணம் வந்தது அல்லது கூடியது. 1987-ல் யுனிசெஃப் ஆய்வு, இந்தச் சீரமைப்பின் சுமை குழந்தைகள் மேல் விழுவதாகக் குரல் எழுப்பியது.

செலவைக் குறைக்காமல் அந்த நாடுகள் தப்பியிருக்க முடியுமா என்பது நேர்மையான கேள்வி, வகுப்பில் கட்டாயம் எழும். ஆனால் எதைக் குறைப்பது என்பதில் தேர்வு இருந்தது. உகாண்டா 1997-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது மாணவர் எண்ணிக்கை ஓராண்டில் சுமார் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கட்டணம் யாரை வெளியே நிறுத்தியிருந்தது என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது.

ஏழை நாட்டுக்கு உதவறது நல்லதுதானே? அதையும் ஏன் குறை சொல்றாங்க?

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று ஐநா பொதுச்சபை 1970-ல் தீர்மானித்தது. அதை எட்டியவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற ஒரு சில நாடுகளே. எல்லோரையும் சேர்த்தால் பல பத்தாண்டுகளாக 0.4-க்குக் கீழேதான். அதிலும் தஞ்சம் தேடி வந்த அகதிகளுக்குக் கொடையாளி நாடு தன் மண்ணிலேயே முதல் ஓராண்டு செய்யும் செலவும் உதவிக் கணக்கில் சேரும். சில சமயம் நோக்கமே வேறாக இருக்கும். மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரிட்டன் கொடுத்த 23.4 கோடி பவுண்டு, ஆயுத விற்பனையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பொருளாதார ரீதியில் உருப்படாத திட்டத்துக்குக் கொடுத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 1994-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நோக்கம் நல்லதாக இருந்தும் தவறும் கதைகள்தான் அதிகம் கற்றுத் தருபவை. மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் ஆராய்ந்த லெசோத்தோ நாட்டின் தாபா-ட்செகா திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பின்னால் உலக வங்கியும் கனடாவும் இருந்தன. நவீனப் பொருளாதாரம் தொடாத வேளாண் சமூகம் என்று லெசோத்தோவை அறிக்கை வர்ணித்தது. உண்மையில் அந்த நாட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கூலி வேலை செய்துவந்தார்கள். வீடுகள் ஓடியது அந்தச் சம்பளத்தில்தான். மாடுகளை விற்கப் பழக்கினால் வருமானம் பெருகும் என்று திட்டம் போட்டார்கள், மக்கள் விற்கவில்லை. அந்த மாடுகள், சுரங்க வேலை முடிந்து ஊர் திரும்பும் ஆணின் முதுமைக்கான சேமிப்பு. மாடு வளர்ப்புத் திட்டம் தோற்றது. ஆனால் அதற்காகப் போட்ட சாலையும் அலுவலகங்களும் அந்த மலைப்பகுதியில் அரசின் பிடியை இறுக்கின. வேலையின்மையையும் இனவெறி ஆட்சியின் கூலிமுறையையும் பற்றி அரசியலாகப் பேச வேண்டியதை, மாடு வளர்ப்பின் தொழில்நுட்பப் பிரச்சினையாக மாற்றிவிட்டதுதான் ஃபெர்குசனின் குற்றச்சாட்டு. முதலாண்டில் ஒரே ஓர் ஆய்வைத்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

உதவியைப் பெருமளவு கூட்ட வேண்டும் என்று பொருளியலாளர் ஜெஃப்ரி சாக்ஸும், மேலிருந்து திட்டமிடுபவர்களுக்குக் கீழிருந்து பதில் சொல்லும் கடமை இல்லாததே கோளாறு என்று வில்லியம் ஈஸ்டர்லியும், ஆப்பிரிக்க அரசுகளை உதவி சோம்ப வைக்கிறது என்று சாம்பியாவின் டம்பிசா மோயோவும் வாதிட்டார்கள். மூவரையும் படியுங்கள். எல்லா உதவியும் ஒன்று என்று பேசும் இடங்களில் மூவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

பெண்களைப் பத்தித் தனியா எதுக்குப் படிக்கணும்? வளர்ச்சி எல்லாருக்கும்தானே?

எல்லோருக்கும் என்று எழுதிய திட்டம் ஆண்களிடம் மட்டும் போய்ச் சேர்ந்ததால்தான். சகாராவுக்குத் தெற்கே பயிர்த்தொழிலில் பெண்களின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. காலனி அதிகாரிகளும் பிறகு வந்த திட்டங்களும் நிலப்பட்டாவையும் பயிற்சியையும் கருவிகளையும் ஆண்களிடம் கொடுத்தார்கள். டென்மார்க் பொருளியலாளர் எஸ்டர் போஸரப் இதை 1970-ல் விரித்துக் காட்டினார். காம்பியாவில் நெல் பெண்களின் பயிர். அங்கே பாசனத் திட்டங்கள் வந்தபோது நிலத்தின் கட்டுப்பாடு குடும்பத் தலைவர்களான ஆண்களிடம் போனது. பெண்கள் தங்கள் வயலில் கூலி இல்லா உழைப்பாளிகளாக மாறும் நிலை வந்தது, வீட்டுக்குள் சண்டை மூண்டது. விளைச்சலும் எதிர்பார்த்தபடி வரவில்லை. பெண்களைத் திட்டத்தில் சேர்ப்பது வேறு, வீட்டுக்குள் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது வேறு. இரண்டாவதைத்தான் பாடம் கேட்கிறது.

மருந்து மாதிரி திட்டத்தையும் சோதிச்சுப் பார்த்துட்டா விவாதமே வேண்டாமே? நோபல்கூட அதுக்குத்தானே கொடுத்தாங்க?

2019 நோபல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் கிடைத்தது அதற்காகத்தான். குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குத் திட்டத்தைக் கொடுத்து, சிலவற்றுக்குக் கொடுக்காமல் வைத்து, வேறுபாட்டை அளக்கிறார்கள். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்த சோதனையில் பள்ளிக்கு வராதவர்கள் கால் பங்கு குறைந்தார்கள். சேர்ந்து நகர்வது காரணமாகாது என்று கணக்கு பற்றிய பதிலில் சொன்ன சிக்கலுக்கு இது வலுவான தீர்வு.

ஆனால் விவாதம் முடியாது. ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்கும் என்பதற்கு அந்தச் சோதனை உத்தரவாதமில்லை என்று 2015-ல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் வாதிடுகிறார். இன்னொன்று: மாத்திரையைக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கலாம், தென் கொரியாவின் நிலச் சீர்திருத்தத்தையோ நாணயக் கொள்கையையோ அப்படிக் கொடுக்க முடியாது. சோதிக்க முடிந்தவற்றை மட்டுமே முக்கியமானவை என்று எண்ணத் தொடங்கினால் லெசோத்தோவின் தவறு வேறு வேடத்தில் திரும்பி வரும்.

எஸ்டிஜி 17-ஐயும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். எஸ்டிஜி என்பது ஐநாவின் நிலையான வளர்ச்சி இலக்குகள். அவற்றுக்கு முன் 2000-ல் வந்த எட்டு இலக்குகள் பெரும்பாலும் ஏழை நாடுகளை நோக்கியவை. 2015-ல் வந்த 17 இலக்குகளும் 169 உள்இலக்குகளும் எல்லா நாடுகளுக்கும் பொருந்துபவை, 2030 கெடு. இந்த மாற்றம் ஏன் வந்தது என்று தெரிந்தால் போதும். பொருளாதார வளர்ச்சி வேண்டும் என்னும் இலக்கும் காலநிலையைக் காக்க வேண்டும் என்னும் இலக்கும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று ஒரு கட்டுரையில் காட்டினால், பட்டியலை ஒப்பிப்பவரைவிட நீங்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

கட்டுரையில 'வெறும் விவரிப்பு'ன்னு எழுதித் திருப்பித் தர்றாங்க. வேற என்னதான் எழுதறது?

முதலாண்டில் மிக அதிகம் வரும் குறிப்பு இது. பெர்காவ் அணையில் என்ன நடந்தது என்று சொல்வது விவரிப்பு. கொடையாளியின் வணிக நலனும் பெறுபவரின் தேவையும் மோதும்போது எது வெல்கிறது என்பதற்கு அதைச் சான்றாக வைத்து, அதற்கு மாறான ஒரு நிகழ்வையும் எடுத்து, இரண்டும் ஏன் வேறுபட்டன என்று சொல்வது பகுப்பாய்வு. ஒவ்வொரு பத்தி முடிவிலும் இது என் வாதத்துக்கு எதற்கு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பத்தியை எடுத்துவிடலாம்.

முதல் வருஷமே கிராமத்துக்குக் களப்பணிக்கு அனுப்புவாங்களா?

பெரும்பாலும் இல்லை, அது நல்லதே. போய்ப் பார்த்தால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையை வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-லேயே உடைத்தார். வெளியிலிருந்து வரும் நிபுணர் தார்ச்சாலை போகும் ஊருக்குத்தான் போகிறார். சாலையோர வீடுகளைத்தான் பார்க்கிறார். திட்டம் நடக்கும் இடத்துக்கே அழைத்துச் செல்லப்படுகிறார். ஊர்ப் பெரியவரிடமும் ஆண்களிடமும் பேசுகிறார். பயணம் எளிதான வறண்ட காலத்தில் போகிறார். பசியும் நோயும் கடனும் உச்சத்தில் இருக்கும் மழைக்காலத்தில் அவர் அங்கே இல்லை. படுக்கையில் கிடப்பவரும் இறந்துபோனவரும் கூட்டத்துக்கு வருவதில்லை.

முதலாண்டில் உங்களுக்குக் கற்றுத்தருவது இந்தக் கண்மறைப்புகளைத்தான். அனுமதி கேட்பது, பெயரை மறைப்பது, ஏழ்மையைப் படமெடுத்துப் பரப்பாமல் இருப்பது ஆகியவையும் அதில் அடங்கும். மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் கூட்டம் நடத்திவிட்டு முன்பே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்குவது பங்கேற்பாகாது என்ற விவாதம் இரண்டாமாண்டில் விரிவாக வரும்.

படிச்சா வேலை கிடைக்குமா? நேராச் சொல்லுங்க.

நேராகவே சொல்கிறேன்: உதவி நிறுவனங்களை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேராதீர்கள். 1961-ல் தொடங்கிய, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1-ல் முடிவுக்கு வந்தது. அதன் நிதியை நம்பியிருந்த ஏராளமான அமைப்புகளில் வேலை போனது. பிரிட்டன் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது.

அரசுத் துறைகள், பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல், புள்ளிவிவர ஆய்வு, இதழியல், தொழிலாளர் அமைப்புகள், கூட்டுறவுகள் ஆகியவற்றிலும் இந்தப் பட்டத்துக்கு இடமுண்டு. ஆனால் அங்கே கேட்பது பட்டத்தின் பெயரை அல்ல, கைத்திறனை. ஒரு புள்ளியியல் மென்பொருள், நன்றாகப் பேசும் இன்னொரு மொழி, நீர் மேலாண்மையோ பொது நிதியோ போல ஒரு குறிப்பிட்ட துறை அறிவு. இவற்றை முதலாண்டிலேயே தொடங்குங்கள். பெற்றோர் கேட்டால் இதையே காட்டலாம்.

எதை எடுத்தாலும் விமர்சனம். நல்லது செய்யணும்னு வந்த மனசே விட்டுப்போச்சு. இதுல எதுவுமே பலிச்சதில்லையா?

பலித்திருக்கிறது. பெரியம்மை 1980-ல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990-ல் 1.25 கோடிக்கு மேல், 2022-ல் 49 லட்சம். இந்த எண்களையும் பாடத்தில் சொல்ல வேண்டும், சில ஆசிரியர்கள் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்.

வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசலைப் பாருங்கள். டாக்காவிலும் கொல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகளில் தேறியது. 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த இந்திய முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதைக் குடிக்கக் கொடுத்தார். இறப்பு பெருமளவு குறைந்தது. பிறகு 1980-களில் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு அதைக் கலக்கக் கற்றுக்கொடுத்தது. கையில் இருந்த உப்பு, வெல்லம், தண்ணீர் போதும். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்துப் பணியாளருக்குச் சம்பளம் இல்லை. பின்னால் இன்னொரு குழு போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று பார்த்து, அதன்படி கொடுத்தார்கள்.

தொடக்கத்தில் பலரும் கரைசலைக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் பயன்படுத்தவில்லை. ஏன் என்று போய்க் கேட்டார்கள். ஆண்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை, அவர்கள் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆண்களிடமும் சந்தையிலும் மசூதியிலும் பேசத் தொடங்கினார்கள், பயன்பாடு ஏறியது. வீட்டுக்குள் முடிவெடுப்பது யார் என்ற காம்பியாக் கேள்வியும், மக்கள் எதற்காக மறுக்கிறார்கள் என்ற லெசோத்தோக் கேள்வியும் இங்கே கேட்கப்பட்டன, திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே.